இணைப்பு வேகத்தைக் கூட்டினால் தாளம் சேருமா?

கேள்வி: நாங்கள் மூவரும் வேறு வேறு ஊர்களில் இருக்கிறோம். பாட்டு, வயலின், டிரம்ஸ். வீடியோ காலில் சேர்ந்து வாசித்தால் ஒவ்வொரு முறையும் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) விழுந்துகொண்டே போகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பை 300 ஆக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, அந்தச் செலவு வேண்டாம். எம்பிபிஎஸ் என்பது எவ்வளவு தரவு போகும் என்ற கணக்கு. உங்கள் சிக்கல் தாமதம். சாலையை அகலப்படுத்தினால் ஊர் கிட்டே வந்துவிடுமா?

காற்றில் ஒலி 1 மீட்டரைக் கடக்கச் சுமார் 3 மில்லி விநாடி ஆகிறது. மேடையில் 8 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவரின் வாசிப்பு 24 மில்லி விநாடி பிந்தித்தான் உங்கள் காதுக்கு வருகிறது. ஏறத்தாழ அதுவரை சமாளிக்கலாம். 30-ஐத் தாண்டினால் டிரம்மர் பாடகருக்காகவும் பாடகர் டிரம்மருக்காகவும் காத்திருக்கத் தொடங்குவார்கள். காலம் விழுவது அதனால்தான். வீடியோ காலில் இது சாதாரணமாக 100-ஐத் தாண்டும். போதாக்குறைக்கு, பேச்சுக்கென்று செய்த அந்தச் செயலிகள் நீண்டு நிற்கும் சுருதியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கவும் செய்யும்.

ஜாமுலஸ், சோனோபஸ் இரண்டும் இசைக்கென்றே உருவானவை, இலவசம். ஆனால் செயலியை மாற்றுவதற்கு முன் புளூடூத் ஹெட்போனைக் கழற்றி வையுங்கள். அது ஒன்றே 100 மில்லி விநாடிக்கு மேல் தின்னக்கூடியது. அடுத்து வைஃபை. வேகச் சோதனையில் நன்றாகத்தான் தெரியும், ஆனால் தரவு சீராக வந்து சேராது. அந்தத் தடுமாற்றத்தைச் சமன்செய்யச் செயலி பஃபரை, அதாவது ஒலியைச் சற்றுச் சேர்த்து வைக்கும் இடத்தை, பெரிதாக்கும், தாமதம் ஏறும். மூவருமே ஈதர்நெட் கேபிள் போடுங்கள். ஒருவர் போடாவிட்டாலும் மற்ற இருவருக்கும் தலைவலிதான். விண்டோஸ் என்றால் ஆஸியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் நல்லது; மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டிதான் அது. 48,000 ஹெர்ட்ஸில், அதாவது ஒலியை விநாடிக்கு 48,000 சாம்பிள்களாக எடுக்கும்போது, 128 சாம்பிள் பஃபர் என்பது 2.7 மில்லி விநாடி. சத்தம் வெடிக்காதவரை 64-க்கு இறக்கிப் பாருங்கள்.

ஜாமுலஸில் பலரும் தவறுவது ஓர் இடத்தில்: உங்கள் குரலை இன்டர்ஃபேஸிலிருந்து நேராகக் கேட்காதீர்கள். அந்த வழியை மூடிவிட்டு, மூவரின் ஒலியையும் கலந்து அனுப்பும் சர்வரிலிருந்து திரும்பி வரும் உங்கள் குரலையே கேட்டுப் பாடுங்கள். முதல் நாள் தொண்டையும் காதும் சண்டை போடும். ஆனால் மூவரும் ஒரே கலவையைக் கேட்டால்தான் தாளம் நிற்கும்.

கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீட்டர் போக 5 மில்லி விநாடி ஆகிறது. கேபிள் சுற்றிப் போகும், வழியில் ரவுட்டர்களும் உண்டு என்பதால் உண்மையில் இன்னும் கூடும். ஜாமுலஸின் சர்வர் பட்டியலில் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) தெரியும். ஒருவருக்கு மட்டும் மிகக் குறைவாக இருப்பதைத் தேர்ந்தெடுக்காமல், மூவரில் மோசமானவருக்கு எது குறைவோ அதை எடுங்கள்.

கண்டம் விட்டுக் கண்டம் என்றால் இது எதுவும் உதவாது. அப்போது நிஞ்ஜாம் என்ற செயலி இருக்கிறது: தாமதத்தைக் குறைக்காமல், ஒரு முழுத் தாளச் சுற்று அளவுக்கு வேண்டுமென்றே நீட்டிவிடும். மற்றவர்கள் சென்ற சுற்றில் வாசித்ததன்மேல் நீங்கள் இந்தச் சுற்றை வாசிப்பீர்கள். ஒரே சுற்று திரும்பத் திரும்ப வரும் வாசிப்புக்கு அது பொருந்தும். பாடகர் காலத்தை இழுத்து விளையாடும் பாட்டுக்கு ஒத்துவராது.