ரீச்சரிடம் கேளுங்கள்: குரங்குக்கு ஒரு அப்புக்காத்து

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளையும் நாட்டு நடப்பைப் பற்றி விவாதிக்க விடலாம் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த வரிக்குத்தான். ஆகவே இம்முறை முழுப் பக்கமும் அதற்கே. கையெழுத்து அழகாக வர வழி கேட்ட பூநகரித் தாய் அடுத்த மாதம் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: தரம் 4 படிப்பிக்கிறேன். வகுப்பில் 21 பிள்ளைகள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பாராளுமன்றம், வரவு செலவுத் திட்டம் எல்லாம் என்ன விளங்கப் போகிறது? எங்கே தொடங்குவது?
– ஆசிரியை, மாங்குளம்

பதில்: குரங்கில் தொடங்குங்கோ தங்கச்சி.

பகிடி இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதால்தான் இந்த வினை என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அடுத்த நாள் என் வகுப்பில் வேறு கதையே இல்லை. பிறகு மார்ச் 15, சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றையும் எண்ணித் தரும்படி அரசாங்கம் நாடு முழுவதையும் கேட்டது. அது நான் ஓய்வுபெற்ற வருடம். முப்பத்தொரு வருடம் படிப்பித்ததில், தலைப்பு தானாக வளவுக்குள் பாய்ந்து வந்தது அந்த ஒருமுறைதான்.

அடுத்து வகுப்புக் கூடிய நாளில் எல்லாருடைய கணக்கையும் பலகையில் எழுதினேன். ஒருத்தன் 40 என்றான்.

"அஞ்சு நிமிஷத்தில எப்படியடா எண்ணினாய்?"

"வாலை எண்ணினனான் ரீச்சர்."

பக்கத்து வளவுப் பிள்ளை விடவில்லை. "இவன்ர வளவில நிண்டதுகள்தான் ரீச்சர் எங்கட முருங்கைக்கு வந்தது. நானும் எண்ணிப்போட்டன்." உடனே பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "அதுக்குத்தானே எல்லாரையும் ஒரே அஞ்சு நிமிஷத்தில எண்ணச் சொன்னவை!" அன்று நாங்கள் கருத்துக்கே போகவில்லை. எண்ணிக்கையை நம்பலாமா என்பதிலேயே மணி அடித்துவிட்டது. நானும் விட்டுவிட்டேன். பாராளுமன்றத்தில் கணக்கைக் காட்டி அடிபடுகிறவர்களில் எத்தனை பேர், அந்தக் கணக்கை எடுத்தது எப்படி என்று கேட்கிறார்கள்?

மறுநாள் தலைப்பு. "குரங்கைச் சுடலாமா, கூடாதா?" என்று வைக்கவில்லை. அப்படி வைத்தால் சின்னதுகள் இரண்டு கட்சியாகி, இடைவேளையிலும் முகம் பார்க்காதுகள். "தோட்டத்துக்கு வாற குரங்கை என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். வெடி கொளுத்துவது, பிடித்துத் தூரக் காட்டில் விடுவது, சும்மா விடுவது என்று மூன்று வழியை அவர்களே சொன்னார்கள். நான் போட்டது ஒரேயொரு சட்டம். ஒருவரை மறுத்துப் பேச முதல் அவர் சொன்னதை உன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். அவர் "ஓம், அதைத்தான் சொன்னனான்" என்று தலையாட்டினால்தான் நீ மறுக்கலாம். இதனால் முதல் அரைமணித்தியாலம் பேச்சு நகரவே இல்லை. மற்றவன் சொன்னது ஒருவர் காதிலும் விழுந்திருக்கவில்லை. தன் முறை எப்போது வரும் என்றே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (எங்கள் வீட்டுக் கலியாணப் பேச்சுக்களும் இப்படித்தான்.)

சும்மா விடும் பக்கத்துக்கு ஆளே இல்லை. குரும்பையைப் பிடுங்கி எறிகிற சாதிக்காக ஆர் கதைப்பது? எல்லாரையும்விடச் சத்தம் போட்டவன் ஒருவன். அவர்களுடைய கச்சான் பாத்தி முழுக்கக் கிண்டுப்பட்டிருந்தது. "இனி நீதான் குரங்குக்கு அப்புக்காத்து" என்று, குரங்கின் பக்கம் வாதாட அவனை எழுப்பிவிட்டேன். காற்சட்டைப் பொக்கற்றை இழுத்துக்கொண்டு கனநேரம் நின்றான். பிறகு சொன்னான்: "எங்கட வளவு முந்திக் காடு. அப்பா ஜேசிபி பிடிச்சு வெட்டேக்க நானும் நிண்டனான். கடைசியா ஒரு பாலைமரம் நிண்டது. அதுகள் அதிலதான் இருந்தவை. மரம் விழுந்தாப்பிறகும் ரெண்டு நாள் வந்து பாத்திட்டுப் போனவை."

கொஞ்சநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வாக்கெடுப்பு: ஆளுக்கொரு புளியங்கொட்டை, அலுமாரிக்குப் பின்னால் மூன்று சிரட்டை. 23 பிள்ளைகளில் வெடிக்கு 12, காட்டில் விட 7, சும்மா விட 4. எங்கள் அப்புக்காத்தின் கொட்டை வெடிச் சிரட்டைக்குள்தான் விழுந்தது. அவனே வெளியில் வந்து சொல்லிப்போட்டான்: "கதைச்சது குரங்குக்கு. கொட்டை எங்கட கச்சானுக்கு." வாக்கு இரகசியம் என்பதற்கு இன்னொரு பாடம் எடுக்கவேண்டி வந்தது.

கேள்வி: பேச்சை எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைத்தால் பிள்ளைகளின் கூச்சம் போகாதா?
– ஆசிரியர், நெடுங்கேணி

பதில்: கூச்சம் போகலாம். விவாதமும் சேர்ந்து போய்விடும். ஒருமுறை பரிசளிப்பு விழாவுக்குக் கைத்தொலைபேசி பற்றிப் பட்டிமன்றம் வைத்தேன். இரண்டு அணிக்கும் எழுதியது நானே. தீமை அணிப் பிள்ளை பதற்றத்தில் நன்மை அணியின் பேச்சை ஒப்புவித்துவிட்டு இறங்கியது. சபை நன்றாகக் கைதட்டியது. பிழையைக் கண்டுபிடித்தது நானும் அந்தப் பிள்ளையின் அம்மாவும் மட்டுந்தான்.

கேள்வி: பள்ளிக்கூடம் அனுப்புவது படிக்க, அரசியல் கதைக்க இல்லை. அடுத்த வருடம் புலமைப்பரிசில் சோதினை. இந்த விவாதத்துக்கு அதில் ஏதும் புள்ளி உண்டா?
– ஒரு தகப்பன், துணுக்காய்

பதில்: புள்ளி இல்லை. வகுப்பில் கட்சிக் கதையும் இல்லை. ஆருக்குப் புள்ளடி போடுகிறேன் என்று நான் என் புருஷனுக்கே சொன்னதில்லை. ஆனால் தம்பி, உங்களுக்கு வவுனிக்குளத்தின் கீழ் வயல் இருந்தால் சிறுபோகக் கூட்டத்துக்குப் போயிருப்பீர்கள். குளத்தில் இவ்வளவு தண்ணீர், இத்தனை ஏக்கர் விதைக்கலாம், வாய்க்கால் இன்ன திகதி திறக்கிறது என்று அதிகாரிகளும் கமக்காரரும் கூடிக் கதைத்து முடிவெடுக்கிற இடம். அங்கே எழும்பி நின்று இரண்டு வசனம் கோர்வையாகச் சொல்ல வராமல், கடைவாய்க்கால்காரர் எத்தனை பேர் வாய் திறக்காமலே வீட்டுக்குப் போகிறார்கள் என்று நீங்களே கண்டிருப்பீர்கள். அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. சோதினை ஓடிப்போகாது.

கேள்வி: "இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்கலாமா?" என்று தரம் 5 இல் கேட்டேன். முழு வகுப்பும் "கூடாது". ஐந்து நிமிடத்தில் விவாதம் முடிந்துவிட்டது.
– ஆசிரியர், கிளிநொச்சி

பதில்: முடியாமல் என்ன செய்யும்? எல்லாம் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பெரியவர்கள் விஷயத்திலும் இதுதானே நடந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் காசில் அந்தத் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். வருடக்கணக்காக இழுபட்டு, கடல்நீரைக் குடிநீராக்குகிற வழிக்குத் திரும்பி, தாளையடி நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது.

உங்கள் வகுப்பில் இல்லாதது மற்றப் பக்கத்து ஆள். அந்த ஆளைப் போனில் பிடிக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு மாமியோ சித்தியோ இல்லாத பிள்ளை எங்கள் பக்கத்தில் அரிது. குடிக்கிற தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை வாளி, கிணறு உவரா? இந்த மூன்று கேள்வி போதும். நான் இதைச் செய்தபோது, ஊர்காவற்றுறையில் இருக்கும் பெரியம்மா தண்ணீர் பவுசர் வரும் நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறா என்று ஒரு பிள்ளை வந்து சொன்னது. அதற்குப் பிறகும் பெரும்பான்மை "கூடாது" என்றுதான் நின்றது. ஆனால் ஒருத்தி எழும்பி, "மாரியில வான் பாயிற தண்ணி சுண்டிக்குளத்தால கடலுக்குத்தானே போகுது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு இன்னும் இரண்டு பாடவேளை ஓடியது. "சிறுபோகத்தில குளம் வத்தினா ஆர் தருவினம்?" என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அதுவும் நியாயந்தான்.

கேள்வி: வகுப்பில் எல்லாவற்றையும் வாக்குக்கு விடலாமா?
– பயிற்சி ஆசிரியை, முல்லைத்தீவு

பதில்: விட்டுச் சூடுபட்டவள் நான். பல வருடம் முன், வகுப்பு கூட்டுகிற முறையை "நீங்களே முடிவெடுங்கோ" என்று விட்டுவிட்டு இடாப்பு எழுத இருந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் 19க்கு 4. தினமும் பிந்தி வருகிற நாலு பேரும்தான் இனிக் கூட்ட வேணுமாம். அந்த நாலு பேரும் புதுக் குடியேற்றத்திலிருந்து மூன்று கட்டை நடந்து வருகிறவர்கள். ஒழுங்கையில் யானை நின்றால் அது விலகும்வரை நிற்கவேணும். கை எண்ணினதில் ஒரு பிழையும் இல்லை. "ஜனநாயகம் ரீச்சர்" என்று ஒருத்தன் எனக்கே பாடம் எடுத்தான்.

முடிவை ரத்துச் செய்தேன். வாரம் முழுக்க முறைத்தார்கள். அடுத்த வாரம், பள்ளிக்கூடம் விட்டபிறகு, வர விரும்பிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த நாலு பேரின் வீடுவரை நடந்தேன். போகும்போது யானை லத்தியை நாலு இடத்தில் கண்டோம். நடந்து வந்தவர்கள் மறுநாள் முறைப்பட்டியலைத் தாங்களே மாற்றி எழுதினார்கள். வராதவர்களில் இரண்டு பேருக்குக் கடைசிவரை என்னில் கோபம். அதற்குப் பிறகெல்லாம் வாக்குக்கு விட முதல் ஒன்று பார்ப்பேன்: தோற்கிறவர் தலையில் வேலையோ அவமானமோ விழுமா? விழுமென்றால் புளியங்கொட்டையை வெளியில் எடுக்கவே மாட்டேன்.

கேள்வி: கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டம் பற்றி ஒரு மாணவி கேட்டாள். விவாதத் தலைப்பாக வைக்கலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: வைக்காதேங்கோ. 2017 பெப்ரவரி 20 அன்று அங்கே போய் இருந்தவர்களில் அந்தப் பிள்ளையின் அம்மம்மாவும் ஒருவராக இருக்கலாம். மகனைத் தேடுகிற தாய்க்கு எதிரணி என்று இன்னொரு பிள்ளையை எழுப்பிவிட எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடவும் வேண்டாம். ஆர் இருக்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள், ஆரிடம் கேட்கிறார்கள் என்று கதிரையை அவள் பக்கத்தில் இழுத்துப்போட்டு மெதுவாகச் சொல்லுங்கோ. எனக்கு ஒருநாளும் அதைத் தொண்டை அடைக்காமல் சொல்லி முடிக்க வந்ததில்லை.

கேள்வி: ரீச்சர், எங்கள் பள்ளிக்கூடத்தில்தானே எல்லோரும் வோட்டுப் போடுகிறார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?
– தரம் 5 மாணவன், தருமபுரம்

பதில்: 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு உன் வாங்கையும் தூக்கித் தாழ்வாரத்தில் போட்டிருப்பார்கள், கோபம் வரத்தான் செய்யும். இலங்கையில் 1931 இல் ஆண் பெண் பேதமில்லாமல் வாக்குரிமை வந்தபோது வயது 21. அதை 1959 இல் 18 ஆக்கினார்கள். 10 ஆக்கவேண்டும் என்றால் மூன்று நல்ல காரணம் எழுதி அனுப்பு, இந்தப் பக்கத்தில் போடுகிறேன். மறுத்து எழுத ஒரு கூட்டாளியையும் பிடித்து அனுப்பு.

இன்னொன்று. உன் ஊரில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. 1948 இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருடம் வாக்கும் போனது. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கிற சட்டம் 2003 இல்தான் வந்தது. உன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு தாத்தா இருந்தால், முதன்முதலில் வோட்டுப் போட்டபோது அவருக்கு எத்தனை வயது என்று கேள். தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேள், கதை நீளும்.