வாடகையைப் பறக்கும் மணியில் எண்ணுங்கள்

கேள்வி: எனக்கு 22 வயது. ஒரு விமான நிறுவனத்தில் கேபின் க்ரூ வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். பேஸ் (டியூட்டி தொடங்கி முடியும் ஊர்) ஒரு பெருநகரம், அங்கே எனக்கு யாரையும் தெரியாது. மாதச் சம்பளம் 'இவ்வளவு வரை' என்று ஆஃபர் கடிதத்தில் போட்டிருக்கிறார்கள். அதில் 30 சதவீதம் வாடகைக்குப் போகிற மாதிரி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனி ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறேன். மாதாமாதம் வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டும். 'அந்த ஊர் வாடகைக்கே உன் சம்பளம் போதாது' என்கிறார் அப்பா. 'கேபின் க்ரூவுக்கு என்ன குறைச்சல்?' என்கிறார்கள் தோழிகள். யார் சொல்வது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதல் வருடத்தைப் பொறுத்தவரை அப்பா சொல்வதுதான் சரி. அந்தத் தனி ஃப்ளாட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அதற்காக வேலையை விட வேண்டியதில்லை. ஆஃபர் கடிதத்தில் இருக்கும் 'வரை' என்ற சொல்லை மட்டும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

கேபின் க்ரூ சம்பளம் பெரும்பாலும் மூன்று துண்டாக வரும். பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருவது பேசிக். பறந்த மணிக்கு வருவது ஃப்ளையிங் பே. வெளியூரில் தங்கும்போது சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் தருவது லேஓவர் அலவன்ஸ். சில நிறுவனங்களில் பேசிக் என்பதே இல்லை, மணிக்கணக்கு மட்டும்தான். அங்கே மாதத்துக்கு இத்தனை மணிக்குக் கட்டாயம் பணம் உண்டு என்று ஓர் உறுதி மணிக்கணக்கு இருக்கும். ஆஃபர் கடிதத்தில் பளிச்சென்று தெரியும் தொகை, இந்த எல்லாமே நன்றாக அமைந்த ஒரு மாதத்தின் கணக்கு.

உதாரணத்துக்கு அந்தத் தொகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசிக் 45, 75 மணி பறந்தால் ஃப்ளையிங் பே 35, லேஓவர் அலவன்ஸ் 20. உங்களுக்கு உறுதி 60 மணிக்குத்தான் என்றால் ஃப்ளையிங் பே 28 ஆகிவிடும். லேஓவர் அலவன்ஸை அடித்துவிடுங்கள். அது வெளியூரில் செலவழிக்கத் தருவது, புதிதாகச் சேர்ந்தவருக்கு லேஓவர் கிடைக்கும் என்ற நிச்சயமும் இல்லை. மிஞ்சுவது 73. வரி, காப்பீடு, ஓய்வூதியம் என்று 8 பிடித்தால் கையில் 65. இதுதான் உங்கள் உறுதித் தொகை. நீங்கள் 30 சதவீதம் என்று நினைத்த வாடகை இப்போது 46 சதவீதம். சாப்பாடு, போக்குவரத்து, ஃபோன் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை.

இதையே மணியாக மாற்றினால் இன்னும் தெளிவாகத் தெரியும். 65-ஐ 60-ஆல் வகுத்தால் மணிக்கு ஒன்றுக்குச் சற்று மேல். வாடகை 30 என்றால் அதற்கு மட்டும் சுமார் 28 மணி பறக்க வேண்டும்.

28 மணிதானே என்று தோன்றும். இங்கேதான் வெளியாட்கள் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பறக்கும் மணி என்பது வேலை மணி அல்ல. பல நிறுவனங்களில் மீட்டர் ஓடத் தொடங்குவது விமானம் புறப்பட நகரும்போது. சேருமிடத்தில் வந்து நின்றதும் அது நின்றுவிடும். பிரீஃபிங், பாதுகாப்புச் சோதனை, பயணிகளை ஏற்றி இறக்குவது, இரண்டு பயணத்துக்கு நடுவே தரையில் நிற்கும் நேரம் எல்லாம் அதற்கு வெளியே. தலா 1 மணி 10 நிமிடத்தில் நான்கு செக்டார் (ஒரு தடவை ஏறி இறங்கும் பயணம்) செய்யும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பறப்பது 4 மணி 40 நிமிடம். ரிப்போர்ட்டிங் (டியூட்டிக்கு ஆஜராவது) 1 மணி 15 நிமிடம் முன்னால், நடுவில் 45 நிமிடமாக மூன்று இடைவெளி, முடித்து வெளியே வர அரை மணி. மொத்தம் 8 மணி 40 நிமிடம், அதுவும் எதுவும் தாமதமாகாத நாளில். ஆக, அந்தத் தனி ஃப்ளாட்டின் வாடகைக்கு மட்டும் மாதத்தில் ஆறு முழு நாள் உழைப்பு. 9 மணி நேர நீண்ட பயணம் ஒன்றில் ரிப்போர்ட்டிங்கும் முடிப்பதும் சேர்ந்து இரண்டு மணிதான் கூடும். அதனால் சம்பள விகிதம் ஒன்றாகவே இருந்தாலும் குறுகிய தூர ரூட்டில் இருப்பவர் அதே பணத்துக்கு நிறைய நாள் எழுந்து ஓட வேண்டியிருக்கும்.

இந்த முறையை மாற்றத்தான் பல நாடுகளில் க்ரூ போராடி வருகிறார்கள். அமெரிக்காவின் டெல்டா 2022 ஜூனில் பயணிகள் ஏறும் நேரத்துக்கு மணிச் சம்பளத்தில் பாதியைக் கொடுக்கத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடா க்ரூ வேலைநிறுத்தம் செய்ததற்கு முக்கியக் காரணமும் தரையில் செய்யும் வேலைக்குச் சம்பளம் இல்லை என்பதுதான். உங்கள் நிறுவனத்தில் தரை நேரத்துக்கு ஏதாவது உண்டா என்று வாய்வழியாகக் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள்.

'அதிகமாகப் பறந்து ஈடுகட்டிவிடலாம்' என்றும் கணக்குப் போடாதீர்கள். ஐரோப்பிய விதிப்படி தொடர்ந்து வரும் எந்த 28 நாளிலும் 100 மணி, ஒரு காலண்டர் ஆண்டில் 900 மணி, இதுதான் உச்சவரம்பு. 900-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 75. ஒரு மாதம் 95 மணி ஓடினால் வேறொரு மாதம் அந்த அளவுக்குக் குறையும். பெரிய சம்பளச் சீட்டு வந்த மாதத்தில் செலவை உயர்த்திக்கொண்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கூட்டம் குறைந்த சீசனில் ரோஸ்டர் (மாத டியூட்டி அட்டவணை) மெலிந்தால் உறுதி மணி உங்களைக் காக்கும். ஆனால் அந்த உறுதிக்கும் ஓட்டைகள் உண்டு. சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அந்த நாட்களின் விகிதத்தில் அது குறையலாம். ஸ்டாண்ட்பையில் (அழைத்தால் உடனே வரத் தயாராக இருக்கும் டியூட்டி) கூப்பிட்டபோது ஃபோன் எடுக்காவிட்டாலும் வெட்டு விழலாம். ஜலதோஷத்தில் காது அடைத்திருந்தால் பறக்கக் கூடாது. காற்றழுத்த மாற்றத்தில் செவிப்பறை கிழியக்கூடும். அப்படி ஒரு வாரம் தரையில் இருந்தால் ஃப்ளையிங் பே கிடைக்குமா, பேசிக் மட்டும்தானா? கர்ப்பம் என்று தெரிந்ததும் தரைப்பணிக்கு மாற்றினால் எந்தச் சம்பளம்? இந்த இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வீட்டைப் பற்றி இப்போது சொல்லலாம். மூன்று க்ரூ சேர்ந்து மொத்த வாடகை 36 உள்ள வீட்டை எடுத்தால் உங்கள் பங்கு 12, அதாவது 11 மணிப் பறப்பு, குறுகிய ரூட்டில் இரண்டரை நாளுக்கும் குறைவு. ரோஸ்டர் வேறுவேறாக இருப்பதால் மூவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கும் நாட்கள் குறைவு, நெருக்கடி தெரியாது. ஆனால் தூக்க நேரத்தை முதல் நாளே பேசிவிடுங்கள்: ஒருவர் காலை நான்கு மணிக்குக் கிளம்புவார், இன்னொருவர் அதே நேரத்தில் வந்து படுப்பார். அறைக்குக் கனமான திரை, அலாரத்துக்கு அதிர்வு, ஹேர் டிரையருக்கு வேறு அறை. இவற்றைப் பேசாமல் விட்டுத்தான் பல பங்கு வீடுகள் இரண்டே மாதத்தில் உடைகின்றன. ஒருவர் பேஸ் மாறிப் போனால் அவர் பங்கை யார் கட்டுவது என்பதையும் எழுதி வையுங்கள்.

வாடகை குறைவு என்று தூரமாகவும் போகாதீர்கள். தூரத்து அறையில் வாடகை 6 குறைகிறது என்று வையுங்கள். மாதத்தில் ஒன்பது தடவை பஸ்ஸோ ரயிலோ ஓடாத நேரத்தில் ரிப்போர்ட்டிங், ஒவ்வொரு டாக்ஸிக்கும் 0.8 என்றால் 7.2 போய்விடும், மிச்சப்படுத்தியதற்கு மேல். நிறுவனமே வண்டி அனுப்பினாலும் எத்தனை கிலோமீட்டருக்குள் என்ற எல்லை இருக்கும். அந்த எல்லைக்குள் பாருங்கள். ஸ்டாண்ட்பை அழைப்புக்கு எத்தனை நிமிடத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். ஃப்ளாட் பார்க்கப் போகும்போது போக்குவரத்து நெரிசலான நேரத்தில் ஒரு தடவை போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சொந்த ஊரிலேயே இருந்துகொண்டு ஸ்டாஃப் டிக்கெட்டில் வந்துபோகலாம் என்று யாராவது யோசனை சொன்னால், முதல் வருடத்தில் வேண்டாம். அந்த டிக்கெட்டுக்குக் காலி ஸீட் இருந்தால்தான் இடம். விமானம் நிரம்பிவிட்டால் நீங்கள் டியூட்டிக்கு வரவில்லை என்றே பதிவாகக்கூடும், புதியவருக்கு அது பெரிய கறை.

முதல் மூன்று மாதம்தான் மிகக் கடினம். பயிற்சிக் காலத்தில் ஸ்டைபண்ட் என்ற உதவித்தொகை மட்டும், சில இடங்களில் அதுவும் இல்லை. பயிற்சி முடிந்து பறக்கத் தொடங்கினாலும் ஃப்ளையிங் பே பல நிறுவனங்களில் அடுத்த மாதச் சம்பளத்தில்தான் வரும். இதற்கிடையே சீருடை, ஷூ, பெட்டி, மருத்துவப் பரிசோதனை எது உங்கள் செலவு, எது சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று கேளுங்கள். பாண்டு (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) இருந்தால் எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு, அந்தத் தொகை மாதாமாதம் குறையுமா என்றும் பாருங்கள். மூன்று மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். அப்பாவிடம் கேட்க வேண்டிய உதவி இதுதான், இதைக் கடனாகக் கேட்டாலும் தவறில்லை.

வீட்டுக்கு அனுப்பும் பணத்தில்தான் எங்களுக்கு அதிகக் கவலை. பாசத்தில் முதல் மாதமே பெரிய தொகையைச் சொல்லிவிட்டு, பிறகு குறைக்க முடியாமல் கிரெடிட் கார்டில் சாப்பிடும் பிள்ளைகள் இந்த வேலையில் இருக்கிறார்கள். பேசிக்கிலிருந்து சிறிய நிலையான தொகை ஒன்றை மட்டும் வாக்குக் கொடுங்கள். அதற்கு மேல் அனுப்புவது, போன மாத ஃப்ளையிங் பே கைக்கு வந்து, அதில் பாதியை அவசர நிதிக்கு ஒதுக்கிய பிறகு மீதியிலிருந்து. அவசர நிதி உங்கள் மூன்று மாத வாடகை, சாப்பாட்டுச் செலவைத் தொட்டதும் அந்தப் பாதியையும் வீட்டுக்கு அனுப்பலாம்.

வாடகையும் போக்குவரத்தும் சேர்ந்து உறுதித் தொகையில் 40 சதவீதத்துக்குள் நின்றால் தைரியமாகச் சேருங்கள். பங்கு வீட்டிலும் அது 50-ஐத் தாண்டுகிறது என்றால், சேரும் முன்பே வேறு பேஸ் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். தனி ஃப்ளாட் ஆசையை ஆறு சம்பளச் சீட்டு வரும்வரை தள்ளி வையுங்கள். அந்த ஆறில் மிகக் குறைந்த மாதத்தை எடுத்து, இதே கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.