சுங்கத் துறை சட்டவிரோத மீன்பிடிப்பைத் தடுப்பது எப்படி?

மீன்பிடிப்பைக் கண்காணிப்பது மீன்வளத் துறை, கடலோரக் காவல்படை ஆகியவற்றின் பணி அல்லவா, இதில் சுங்கத் துறைக்கு என்ன பங்கு என்று கேட்டிருக்கிறீர்கள். விதிமீறிப் பிடித்தவை பெரும்பாலும் எல்லை தாண்டி விற்கப்படும்போதுதான் பெரும் பணமாகின்றன என்பதால், சரக்கையும் ஆவணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அதிகாரியின் பங்கு மிகப் பெரியது என்றே கருதுகிறேன்.

நமக்கு மிக அருகிலுள்ள எடுத்துக்காட்டு, கடலடியில் வாழும் வெள்ளரிக்காய் வடிவ உயிரினமான கடல் அட்டை. இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதைப் பிடிப்பதே குற்றம். இலங்கையிலோ உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் பிடித்தவற்றை வேகவைத்து உலர்த்தி, படகில் அக்கரைக்குக் கடத்துகிறார்கள். அங்கே உரிமம் பெற்ற சரக்கோடு கலந்துவிட்டால் அது எந்தக் கடலில் பிடிக்கப்பட்டது என்று கண்டறிவது மிகக் கடினம். உலர்ந்து சுருங்கிய பிறகு இனத்தை அடையாளம் காண்பதற்கே பயிற்சி பெற்ற கண் தேவை. ஆகவேதான் இராமநாதபுரம் கடற்கரையில், படகேறும் முன்பே சுங்கத் துறையினர் செய்யும் பறிமுதல் இவ்வளவு முக்கியமாகிறது.

சரக்கைச் சான்றிதழோடு ஒப்பிடுவது இன்னொரு வழி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் கடல்மீனுடன், பிடித்த கப்பலின் கொடி நாடு (கப்பல் பதிவாகியுள்ள நாடு) உறுதிசெய்த, விதிப்படி பிடித்தது என்று காட்டும் பிடிப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்ற விதி 2010 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

சரக்கின் வகையைக் காட்டும் எண்ணான சரக்குக் குறியீடும் சிறிய செய்தியல்ல. பன்னாட்டுச் சுங்கக் குறியீட்டில் கடல் அட்டைக்குத் தனி எண் 2012இல்தான் கிடைத்தது; அதற்கு முன் பிற உயிரினங்களோடு சேர்த்தே பதிவானதால், எவ்வளவு கைமாறியது என்பதை வணிகக் கணக்கிலிருந்து பிரித்தறிவது கடினமாக இருந்தது.