மூடுபெட்டிக்கு விலையை வீட்டிலேயே தீர்மானித்துவிடுங்கள்

வாசகர் கேள்வி:

"வாழைச்சேனைப் பக்கத்தில் இருக்கிறோம். அம்மாவும் நானும் பனையோலையில் மூடுபெட்டி, கூடை, தொப்பி, விசிறி இழைக்கிறோம். இதுவரை எல்லாவற்றையும் வீட்டுக்கு வரும் வியாபாரியிடமே கொடுத்துவந்தோம். மூடுபெட்டி ஒன்றுக்கு 500 ரூபா தருவார். வருகிற ஆகஸ்ட் மாதம் மட்டக்களப்பு நகரில் இரண்டு நாள் விற்பனைக் கண்காட்சி நடக்கிறது. எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு அதில் ஒரு மேசை தந்திருக்கிறார்கள். நான்கு பேர் சேர்ந்து போகிறோம். எத்தனை சாமான் கொண்டுபோவது, மேசையில் எப்படி வைப்பது என்று ஒன்றும் தெரியவில்லை. விலையும் குழப்பமாக இருக்கிறது. 'வியாபாரி தருவதற்கு மேல் 50 ரூபா கூட்டிச் சொல்லு, அதற்கு மேல் போனால் யாரும் வாங்கமாட்டார்கள்' என்கிறார் சங்கத்து அக்கா ஒருவர். விற்காமல் திரும்பக் கொண்டுவந்தால் ஊரில் என்ன சொல்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது."

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

500 ரூபா என்று நீங்கள் எழுதியிருந்த வரியை வாசித்ததும் மனம் பொறுக்கவில்லை. ஆகவே விலையிலிருந்தே தொடங்குகிறேன். அது சரிவந்துவிட்டால் மற்றக் கேள்விகளுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இன்றைக்கே ஒரு கொப்பியை எடுங்கள். அடுத்த மூடுபெட்டியை இழைக்கும்போது நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, வார்ந்து, சாயத்தில் அவித்து எடுக்கும் வேலையையும் விட்டுவிடக்கூடாது. அதை ஒரே தடவையில் பல பெட்டிகளுக்குச் சேர்த்துச் செய்வதால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு பெட்டிக்கு அதில் ஒரு மணித்தியாலம் என்று வையுங்கள். அடி, சுவர், மூடி, விளிம்பு கட்டுவது எல்லாம் நான்கு மணித்தியாலம். மொத்தம் ஐந்து. உங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு நாள் கூலி என்ன என்று உங்களுக்குத் தெரியும். கணக்குக்காக 1,600 ரூபா என்று எடுப்போம். எட்டு மணித்தியால வேலைக்கு அது மணிக்கு 200. ஐந்து மணித்தியாலத்துக்கு 1,000 ரூபா. ஓலை, சாயம், நூல் எல்லாம் 150. ஆக ஒரு பெட்டி உங்கள் கையை விட்டுப் போகும்போது அதன் பெறுமதி 1,150 ரூபா.

வியாபாரி தரும் 500இல் 150 பொருட்செலவுக்குப் போனால் மீதி 350. ஐந்து மணித்தியாலத்துக்கு 350 என்றால் மணிக்கு 70 ரூபா. வயலில் களை பிடுங்கப் போகிறவருக்கு இந்தக் கூலியைச் சொன்னால் அவர் வரம்பிலேயே ஏறமாட்டார். நீங்களோ அம்மாவிடமிருந்து கற்ற கைவேலையை அந்த விலைக்குக் கொடுத்துவருகிறீர்கள். "ஓலை சும்மா கிடைப்பதுதானே" என்று சொல்லிச் சொல்லியே கைக்கும் சும்மா என்று விலை வைத்துவிட்டார்கள். சங்கத்து அக்கா நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் 550 என்று ஒரு தடவை நகரத்தில் விலை சொல்லிவிட்டால், பிறகு அந்தப் பக்கத்து ஓலைப்பெட்டி எல்லாவற்றுக்கும் அதுவே விலையாகிவிடும்.

கண்காட்சிக்குப் போய்வரும் செலவையும் சேர்க்கவேண்டும். பஸ்ஸிலும் ஓட்டோவிலும் சாமான் ஏற்றி இறக்க, சாப்பாடு, மேசைத்துணி, லேபல், கடதாசிப் பை என்று நால்வருக்கும் 8,000 ரூபா போகிறது என்று வைப்போம். உங்கள் பங்கு 2,000. பெட்டி, கூடை போன்றவற்றின் தலையில் 100 ரூபா, சின்னச் சாமானின் தலையில் 20 ரூபா என்று அதைப் பிரித்துவிடலாம். அப்போது மூடுபெட்டி 1,250.

இங்கேயும் நிற்கக்கூடாது. கண்காட்சிக்குக் கடைக்காரர்களும் வருவார்கள். பாசிக்குடா விடுதிகளுக்குச் சாமான் எடுப்பவர் ஒருவர் வந்து, "மாதம் இருபது தரமுடியுமா, என்ன விலை?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அவரும் தன் பங்கை வைத்துத்தானே விற்பார். அவருக்கு 1,150க்குக் கீழே கொடுக்க முடியாது. அவர் 1,500 அளவில் விற்பார். ஆகவே நீங்களும் கண்காட்சியில் 1,500 என்றே வையுங்கள். மேசையில் 1,250க்கு விற்றுவிட்டு அவருக்கும் அதையே சொன்னால், அவர் கடையில் 1,500 கொடுத்து வாங்குகிற ஒருவர் உங்களை நேரில் கண்டுபிடித்த அன்றைக்கு அந்தக் கடை உங்களை விட்டுவிடும்.

1,500 ரூபாவுக்கு வாங்குவார்களா என்று கேட்பீர்கள். எல்லாரும் வாங்கமாட்டார்கள். குறைந்த விலையில் ஒன்று வேண்டும் என்றால் உங்கள் கூலியில் கைவைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். ஓலையை அகலமாக வார்ந்தால் இழைகள் குறையும், நேரமும் குறையும். பூ வேலையை விட்டு, சாயமில்லாமல், இரண்டு மணித்தியாலத்தில் முடிகிற பெட்டி ஒன்றைச் செய்து பாருங்கள். அதே கணக்கைப் போட்டால் 700 அளவுக்கு வரும். மெல்லிய இழைப் பெட்டியையும் அகல இழைப் பெட்டியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் கையில் எடுத்துத் தடவிப் பார்ப்பவருக்கு ஏன் ஒன்று இரட்டிப்பு விலை என்று நீங்கள் விளக்கவே தேவையில்லை.

எத்தனை கொண்டுபோவது? உங்கள் பங்குக்கு நாற்பது போதும். அதில் பெரியவை மூன்று: நாரால் பொத்திய கடகம் ஒன்று, மூடிபோட்ட பெரிய கூடை ஒன்று, அம்மாவின் கையால் ஆன மிகச் சிறந்த பெட்டி ஒன்று. இவை விற்காவிட்டாலும் குறையில்லை. தூரத்தில் போகிறவரை மேசைக்கு இழுப்பது இவைதான். நடுத்தரமானவை பன்னிரண்டு. மீதி இருபத்தைந்தும் 150 முதல் 400 ரூபாவுக்குள் அடங்குகிற சின்னச் சாமான்: சின்ன விசிறி, சாவிக்குக் கட்டும் ஓலைக் கிலுக்கு, சில்லறைக் காசு போடும் சிறு பெட்டி, புத்தகத்துக்குள் வைக்கும் ஓலை அடையாளம். பிள்ளைகளோடு வருகிறவர், பாடசாலை மாணவர், சும்மா பார்க்க வந்தவர் வாங்குவது இவற்றைத்தான். வகையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நால்வரும் முன்கூட்டியே பேசி, நான்கு பேரும் ஒரே விசிறியைச் செய்துகொண்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். விலையையும் நால்வரும் இருந்து ஒன்றாகத் தீர்மானியுங்கள். ஒரே மேசையில் ஒருவர் 400க்கும் மற்றவர் 350க்கும் விசிறி விற்றால் சாயந்தரம் வீட்டுக்கு மனஸ்தாபத்தோடுதான் போகவேண்டும்.

சாயத்தைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்லவேண்டும். சாயம் போட்ட ஒவ்வொரு சாமானிலும் ஈரமான வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து எடுத்துப் பாருங்கள். ஊதாவும் சிவப்பும்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். துணியில் நிறம் பட்டால் அந்தச் சாமான் மேசைக்கு வரக்கூடாது. வாங்கியவரின் வெள்ளைச் சாறியில் பட்ட கறையை அவர் ஊரெல்லாம் சொல்வார். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, இடியப்பத் தட்டு, சாப்பாடு வைக்கும் பெட்டி எதற்கும் சாயம் வேண்டாம். "சமையலுக்கானது, சாயம் சேராதது" என்று லேபலில் எழுதிவிடுங்கள். அந்த வரியைப் பார்த்தே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

முடித்த சாமானை நன்றாக வெயிலில் காட்டி, ஆறவிட்டு, பழைய துணியிலோ கடதாசியிலோ சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

இனி மேசை. ஓலையின் நிறம் இளமஞ்சள். வெள்ளைத் துணியின் மேல் வைத்தால் எடுப்பாகத் தெரியாது. கரும்பச்சை, கருநீலம் போன்ற கோலமில்லாத துணி நல்லது. எல்லாவற்றையும் தட்டையாகப் பரப்பாமல், பின்னால் இரண்டு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதே துணியால் மூடி உயர்த்துங்கள். தொப்பியும் விசிறியும் கயிற்றில் தொங்கட்டும். ஆகஸ்டில் கச்சான் காற்று வீசினால் லேசான ஓலைச் சாமான் பறக்கும். பெட்டிகளுக்குள் சின்னக் கல் வைக்க மறக்காதீர்கள்.

ஒவ்வொரு சாமானிலும் விலை தெரியவேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயரை எழுதுங்கள். மட்டக்களப்பில் கண்காட்சிக்கு எல்லாரும்தான் வருவார்கள். விலை எழுதாத சாமானை எடுத்துப் பார்த்துவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டு வைத்துவிட்டுப் போகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். லேபலின் மறுபக்கத்தில் ஊர்ப்பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். மருதமுனைக் கைத்தறி என்றால் நாடு முழுக்கத் தெரிகிறது. ஊர்ப்பெயரைச் சொல்லியே கேட்டு வாங்குகிறார்கள். உங்கள் பக்கத்து ஓலை வேலைக்கும் அப்படி ஊர்ப்பெயர் ஒட்டவேண்டும். அந்தக் கைத்தறியில் மிஞ்சும் துண்டுத் துணி கிடைத்தால் பெட்டிக்கு உள்துணியாகத் தைத்துப் பாருங்கள். நகைப்பெட்டியாக வாங்குவார்கள்.

100, 50, 20 ரூபாத் தாள்கள் சில்லறையாகக் கையில் இருக்கட்டும். உங்கள் வங்கியில் கேட்டு கியூஆர் அட்டை எடுத்து மேசையில் வைத்தால், கையில் காசில்லை என்று போகிறவர்களில் சிலரை நிறுத்தலாம். யாருடைய சாமான் எது என்பதற்கு நால்வரும் நான்கு நிற நூலை லேபலில் கட்டுங்கள். விற்றதும் லேபலைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டால் சாயந்தரம் கணக்கு ஐந்து நிமிடத்தில் முடியும்.

இருவர் விற்கட்டும்; ஒருவர் இழைத்துக்கொண்டே இருக்கட்டும். இதற்கு அம்மாவைக் கூட்டிப்போங்கள். வெயிலில் ஓலை காய்ந்து முறியும், ஆகவே வார்ந்த ஓலையை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓடுகிற கையைப் பார்க்க ஆட்கள் நிற்பார்கள். "1,500ஆ?" என்று கேட்பவரிடம் வாதாடவேண்டாம். அம்மா பாதி இழைத்த அடியை அவர் கையில் கொடுங்கள். "இந்த அளவுக்கு வர ஒரு மணித்தியாலம் போனது" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் வாங்குவதும் வாங்காததும் அவர் விருப்பம்.

பேரம் பேசுவார்கள். விலையைக் குறைப்பதற்குப் பதில், பெட்டியோ கூடையோ மூன்று எடுப்பவருக்கு ஒரு சின்ன விசிறியைச் சேர்த்துக் கொடுங்கள். சொந்தக்காரர்களும் வருவார்கள், "நமக்கென்ன விலை?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவர்களுக்கும் அதே விலைதான்; கடனும் இல்லை. இது சங்கத்து மேசை, கணக்குக் காட்டவேண்டும் என்று சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள், உண்மையும் அதுதான். இரண்டாம் நாள் பின்னேரம் பக்கத்து மேசைக்காரர் பாதி விலைக்குக் கொடுக்கத் தொடங்கும்போது உங்களுக்கும் மனம் ஆடும். அப்போது கொப்பியைத் திறந்து அந்த 1,150ஐப் பாருங்கள். ஓலைப்பெட்டி மரக்கறியில்லை, அடுத்த நாள் வாடிப்போக.

விற்காமல் திரும்பக் கொண்டுவருவதைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். எல்லாம் விற்றுத் தீர்ந்தால் அநேகமாக விலை குறைவாக வைத்துவிட்டோம் என்று அர்த்தம். பாதி திரும்பினாலும், ஓடர்க் கொப்பியில் பத்துப் பெயர் இருந்தால் நல்ல வியாபாரம்தான். ஓடர் எழுதும்போது அளவு, நிறம், கொடுக்கும் திகதி, தொலைபேசி எண் நான்கையும் எழுதி, பாதிக் காசை முற்பணமாக வாங்குங்கள். நவம்பரில் மாரி மழை பிடித்துக்கொண்டால் தை மாதம் வரை ஓலை காயவைக்க வெயில் கிடைக்காது. ஆகவே கொடுக்கும் திகதிகளை ஒக்டோபருக்குள் முடியுங்கள்; பெரிய ஓடர் வந்தாலும் சமாளிக்க ஓலையை இப்போதே காயவைத்துச் சேமியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தேசிய அருங்கலைகள் பேரவையும், அரசாங்கக் கைவினைக் கடைகளை நடத்தும் லக்சலவும் 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கைவினைஞர்களுக்காக அமைக்கப்பட்டவை. பனை வேலைக்கென்றே பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. கைவினைஞராகப் பதிவதற்கு என்னென்ன தேவை என்று உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கண்காட்சிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அந்த நாட்களில் அலுவலர்களும் மேசைக்கு வருவார்கள். பெயரையும் பதவியையும் எழுதி வாங்கிக்கொண்டால் பிறகு போய்க் கேட்க ஆள் இருக்கும்.

வியாபாரியோடு சண்டை வேண்டாம். மழைக்காலத்தில் உங்கள் வீட்டு வாசலுக்கு வருபவர் அவர் ஒருவர்தான். ஆனால் கண்காட்சி முடிந்து அவர் வரும்போது அந்தக் கொப்பியைக் காட்டிப் பேசுங்கள். அவருக்கு மெல்லிய இழைப் பெட்டி 1,150, அகல இழைப் பெட்டி 550. எது வேண்டுமோ அதை எடுக்கட்டும். எது எத்தனை விற்றது, எது திரும்பியது, அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். கடைகளுக்கு மாதாமாதம் கொடுக்கும் ஒழுங்கை அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பார்ப்போம்.