கரும்புகை வராவிட்டால் காற்று சுத்தமா?

கேள்வி: கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை அமைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். நவீன வடிகட்டிகள் இருப்பதால் கரும்புகை வராது, அஞ்ச வேண்டாம் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், வடசென்னை

பதில்: கரும்புகை வராமல் தடுக்க முடியும். ஆனால் நாம் முதலில் அஞ்ச வேண்டியது, குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்ஸின் என்னும் நச்சு; அது கண்ணுக்கும் மூக்குக்கும் பிடிபடாமல் காற்றில் கலந்து, பால், முட்டை, மீன் வழியாக உடலின் கொழுப்பில் சேர்கிறது.

850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 2 விநாடி இருந்தால் இந்த நச்சு சிதைந்துவிடும். ஆனால் உலையிலிருந்து வெளியேறும் வாயு குளிர்ந்துவரும் வழியில், ஏறத்தாழ 450 முதல் 200 டிகிரிக்குள், சாம்பலிலுள்ள கரியும் செம்பும் குளோரினும் சேர்ந்து அதை மறுபடியும் உருவாக்கிவிடுகின்றன. ஆகவே வாயுவை மிக விரைவாகக் குளிர்விக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பைத் தூவி அமில வாயுக்களையும், செயலூட்டப்பட்ட கரித்தூளைத் தூவி டையாக்ஸினையும் பாதரசத்தையும் பிடித்து, துணிப்பை வடிகட்டியில் தூசியோடு சேர்த்து நிறுத்த வேண்டும்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் டையாக்ஸினுக்கு விதித்த வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம். அப்போது ஐரோப்பாவின் வரம்பும் அதுவாகவே இருந்தது. சட்டத்தில் குறை காண்பதற்கில்லை. சிக்கல் நம் குப்பையில் இருக்கிறது. பாதிக்கு மேல் ஈரக்கழிவாக வரும் குப்பை உலையின் வெப்பத்தைக் குறைக்கிறது. அதை ஈடுகட்ட எரிபொருளும், நாள்தோறும் கரித்தூளும் வாங்கச் செலவாகும். அச்செலவை மிச்சப்படுத்தினாலும் புகைபோக்கியைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

தூசியையும் கார்பன் மோனாக்சைடையும் கருவிகள் இடைவிடாமல் அளக்கின்றன. டையாக்ஸினுக்கோ சில மணி நேரம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதே வழக்கம் என்பதால், அந்த முடிவு மற்ற நாள்களைப் பற்றி எதுவும் சொல்லாது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் மாதிரியை இரண்டு வாரம் தொடர்ந்து திரட்டும் கருவி கட்டாயம். இங்கும் அதைக் கேட்பது நியாயமே என்பது என் உறுதியான கருத்து. டெல்லி ஓக்லாவில் குடியிருப்புகளுக்கு நடுவே இயங்கும் எரிஉலைக்கு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்ததையும் மறக்கக் கூடாது.

கட்டுப்படுத்தவே முடியாது என்று சொல்லவில்லை. 1999இல் தனிச்சட்டம் இயற்றிய ஜப்பான், 1997இலிருந்து 2003க்குள் டையாக்ஸின் வெளியேற்றத்தை 90 சதவீதத்துக்கு மேல் குறைத்தது. தரமற்ற சிறு உலைகள் பல அப்போது மூடப்பட்டன.

கேள்வி: வடிகட்டியில் சிக்கிய நச்சு என்ன ஆகிறது?

பதில்: அழிவதில்லை, பறக்கும் சாம்பலில் தங்கிவிடுகிறது. அதை அபாயகரமான கழிவாகக் கருதி, மழைநீர் புகாத, அடியில் கசியாத தனிக் கிடங்கில் புதைக்க வேண்டும். உங்கள் பகுதியில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், அந்தச் சாம்பல் எந்த ஊருக்குப் போகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள்.