ஏழு நாள் முன்பே மருந்தை நிறுத்தினால் போதுமா?

கேள்வி: சிறிய பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறேன். தீவனம் தரும் முகவர் "எடை கூடும், நோய் அண்டாது" என்று கொடுத்த பொடியைக் குஞ்சுப் பருவத்திலிருந்தே தண்ணீரில் கலந்து கொடுக்கிறேன். விற்பதற்கு ஏழு நாள் முன்பு நிறுத்திவிடுவேன். அப்படியும் மருந்துக்கு அடங்காத கிருமி என் கோழியால் பரவும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அந்தப் பொடியில் ஆன்டிபயாடிக் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) இருந்தால் உண்மைதான். முன்கூட்டி நிறுத்துவது இறைச்சியில் மருந்து எச்சம் தங்காமலிருக்க. அந்த நாள் கணக்கும் மருந்துக்கு மருந்து மாறும். கிருமி வேறு விஷயம். தினமும் கொஞ்சம் மருந்து போனால் பலவீனமான பாக்டீரியா சாகும், தாக்குப்பிடிப்பவை பெருகும். மருந்தை நிறுத்தியதும் அவை குடலைவிட்டுப் போய்விடாது. எருவோடு வயலுக்கும் நீருக்கும் போகும், வெட்டுகிற கத்திக்கும் உங்கள் கைக்கும் வரும். நன்றாக வேகவைத்தால் சாகும், சரி. எருவை யார் வேகவைக்கிறார்கள்?

தாக்குப்பிடிக்கும் திறனை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுக்கவும் முடியும். வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது கொலிஸ்டின். அதை முறியடிக்கும், பாக்டீரியாக்களுக்கிடையே கைமாறும் மரபணு சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் மருத்துவமனை நோயாளிகளிடமும் இருப்பது 2015-இல் வெளியானது. பிறகு பல நாடுகளில் தென்பட்டது. 2017-இல் சீனா வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் சேர்ப்பதைத் தடை செய்த பிறகு அங்கே அந்த மரபணு குறைந்தது. நிறுத்தினால் பலன் உண்டு.

இப்போது உங்கள் முகவர். அந்தப் பொடியில் என்ன மருந்து, எவ்வளவு என்று பொட்டலத்தில் அச்சாகியிருக்கிறதா? இல்லையென்றால் இன்றே நிறுத்துங்கள். 'டானிக்', 'குடல் நலம்', 'வளர்ச்சி ஊக்கி' என்று எந்தப் பெயரிலும் ஆன்டிபயாடிக் வரும். விற்றால் அவருக்குக் கமிஷன். கோழி செத்தால் நஷ்டம் உங்களுக்கு. பலன் தெரியவில்லை என்றால் அளவைக் கூட்டச் சொல்வார், அடுத்து இன்னும் கடுமையான மருந்தைக் கொண்டுவருவார். "டாக்டர் சொன்னதுதான்" என்றால் சீட்டைக் கேளுங்கள்.

மனித சிகிச்சைக்கான மருந்தை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் போடாதீர்கள் என்று பிரிட்டனில் ஒரு குழு 1969-லேயே சொன்னது. ஸ்வீடன் 1986-இல் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக் முழுவதையும் நிறுத்த 2006 ஆனது. 'நோய்த் தடுப்பு' என்ற பெயரில் வழக்கமாகக் கொடுப்பதை நிறுத்த 2022 வரை காத்திருந்தார்கள். தெரிந்த ஒன்றைச் செய்ய அரை நூற்றாண்டா?

ஒரு விலக்கு உண்டு, இதில் பலர் குழம்புகிறார்கள். ரத்தக் கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் சேர்க்கும் மொனென்சின், சலினோமைசின் போன்றவை மனித சிகிச்சையில் இல்லாதவை. அமெரிக்காவில் இவற்றையும் ஆன்டிபயாடிக் கணக்கில் வைப்பார்கள், ஐரோப்பாவில் வைப்பதில்லை. உங்கள் பொடியில் இது மட்டும்தான் என்றால் நான் மேலே சொன்ன பயம் பெரிதாகப் பொருந்தாது. ஆனால் அளவு மீறினால் கோழிக்கே விஷம். தியாமுலின் என்ற மருந்தோடு சேர்ந்தால் கூட்டமாகச் சாகும். குதிரை தின்றால் உயிர் போகும். தீவன மூட்டையில் ஏற்கெனவே இது இருக்கிறதா என்று பார்த்துவிட்டே எதையும் சேருங்கள்.

அடுத்த குஞ்சு இறக்கும் முன் பொட்டலத்தையும் மூட்டை லேபிளையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தடுப்பூசி அட்டவணையையும் அவரிடமே வாங்குங்கள். தரையில் போடும் உமி ஈரமில்லாமலும் நெரிசல் இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நோய் வந்தால் மருந்து கொடுக்கத்தான் வேண்டும். எது, எத்தனை நாள் என்று அவர் சீட்டில் எழுதட்டும்.