வேதாகமத்தில் யோசுவா 13:1, 21:45 ஒன்றுக்கொன்று முரணா?

முரண் இல்லை. 13:1இல் பிடிக்க வேண்டிய நிலம் இன்னும் ஏராளம் என்றிருக்க, 21:45 கர்த்தர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கிறீர்கள். கானான் நிலத்தை இஸ்ரவேலருக்கு ஒரே மூச்சில் தருவதாக வாக்கே கொடுக்கப்படவில்லை.

யாத்திராகமம் 23:29-30ஐத் திறந்து பாருங்கள். அங்கே குடியிருந்த கானானியரை ஒரே வருடத்தில் துரத்தினால் நிலம் பாழாகும், காட்டுமிருகங்கள் பெருகும். அதனால் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் என்று அங்கேயே இருக்கிறது. உழுகிறவருக்கு இது சட்டென்று புரியும். உபாகமம் 7:22உம் அதையே சொல்கிறது. ஆதியாகமம் 15இல் ஆபிரகாமுக்கு வாக்களிக்கப்பட்ட நிலத்தின் எல்லைகளைப் படித்த கையோடு யோசுவாவுக்குத் தாவியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நியாயாதிபதிகள் 2:20-21ஐ மட்டும் இதோடு கலந்துவிடாதீர்கள். அங்கே துரத்துவது நின்றுபோனதற்குச் சொல்லப்படும் காரணம் வேறு: இஸ்ரவேலர் உடன்படிக்கையை மீறினார்கள். துரத்துவது நின்றுபோகலாம் என்ற எச்சரிக்கை யோசுவா 23:12-13இலேயே வந்துவிட்டது.